நாலாவது சாவி

என் கணவர் போன பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்களில் மூன்று பேர் திரும்பிப் போகவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் வந்துவிடுவார்கள். சோபாவில் ஒருவர், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர், தரையில் சுவரோடு சாய்ந்து ஒருவர். நடுவில் ஸ்டூலின் மேல் கறுப்பாக ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சண்டை போடுவார்கள். அவர் இருந்தபோதும் இதேதான் நடந்தது. அப்போது நாலு பேர், அவ்வளவுதான் வித்தியாசம்.

சோபாவில் உட்காருகிறவர் மருந்துக்கடைக்காரர். எங்கள் தெரு முனையில் கடை. யாருக்கு என்ன வியாதி என்று தெருவில் எல்லோருக்கும் முன்னால் அவருக்குத் தெரியும், ஆனால் தன் சொத்துக்கு என்ன வியாதி என்று மட்டும் தெரியாது. பிளாஸ்டிக் நாற்காலி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருப்பவருக்கு. எதற்கெடுத்தாலும் "நிறுத்து, யோசி" என்பதால் அவருக்குப் பெயரே பிரேக்கு என்று ஆகிவிட்டது. தரையில் உட்காருவது என் கொழுந்தன், கணவருக்கு ஒரே தம்பி. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலை. என் கணவர் பல் கட்டித் தரும் லேபில் இருந்தார். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு பல்செட் செய்வார். அதனால் மற்றவர்களுக்கு அவர் பல்செட்டு.

நாலு பேரும் சேர்ந்து ஒரு கம்பெனியில் பங்கு வாங்கியிருந்தார்கள். கணினிக்குப் பூட்டுச் சாவி செய்கிற சின்னக் கம்பெனி. சாவி என்றால் வீட்டுச் சாவி மாதிரி இருக்காது. கட்டைவிரல் அகலத்தில் ஒரு தகடு, உள்ளே ஒரு சில்லு. சொந்தக்காரரின் விரல் பட்டால் பச்சை விளக்கு எரியும். பச்சை எரிந்தால்தான் கணினி உள்ளே விடும். வேறு யார் விரல் பட்டாலும் சிவப்பு. ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில், பல்செட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில், பத்திரிகை ஒன்றில் இவர்தான் அதைப் படித்துவிட்டு வந்தார்.

"உலகத்துல எத்தனை கம்ப்யூட்டர் இருக்கு? ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாவி. கணக்குப் போட்டுப் பாரு," என்றார் என்னிடம்.

"நம்ம வீட்டுக் கதவுக்கே ஒரு சாவிதான் இருக்கு. அதையும் நீங்க தொலைச்சுட்டு வர்றீங்க," என்றேன். அது அவர் காதில் விழவில்லை.

அந்த வருடத்திலிருந்து தொடங்கியது இந்த ஞாயிற்றுக்கிழமை. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து திருத்துவேன். முன்னறையில் நடப்பதைக் கேட்காமல் இருக்க வழியில்லை.

"போன வருஷம் என்ன சொன்னாங்க? அடுத்த வருஷம் லாபம். இந்த வருஷம் என்ன சொல்றாங்க? அடுத்த வருஷம் லாபம். இதைச் சொல்றதுக்கு ஒரு காலண்டர் போதாதா, கம்பெனி எதுக்கு?" என்பார் பிரேக்கு.

"திருடன் இருக்கற வரைக்கும் பூட்டு விக்கும்யா," என்பார் மருந்துக்கடைக்காரர்.

"போன்லயே விரல் வெச்சுத் திறக்கறாங்க. சும்மா கிடைக்கறதை விட்டுட்டு எவன் காசு குடுத்து தனியா சாவி வாங்குவான்?"

"போனுக்கு மூளை இருக்கு. மூளை இருக்கறதை ஏமாத்தலாம். சாவிக்கு மூளை கிடையாது."

"அதை வாங்கினவங்களுக்கும்தான்."

இவர் நடுவில் புகுந்து, பொறுமையாக, பல் அச்சு எடுக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சமாதானம் சொல்வார். கடைசியில் யாரும் விற்க மாட்டார்கள். மறுவாரம் அதே இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பிப்பார்கள். பிழை திருத்தும்போது ஒரே பத்தி இரண்டு தடவை அச்சாகி வந்தால் அடித்துவிடுவேன். இவர்களை என்ன செய்வது?

பெட்டி வந்த கதை இது. ஒரு தடவை விலை இறங்கியதும் பிரேக்கு பயந்துபோய் தன் பங்கை மட்டும் விற்றுவிட்டார். மறுவாரம் விலை ஏறியது. அதையே கூடுதல் விலை கொடுத்துத் திரும்ப வாங்கினார். அதற்குப் பிறகு நாலு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பங்கெல்லாம் ஒரே கணக்கில் இருக்கட்டும், நாலு பேரும் கை தூக்கினால்தான் விற்பது. கை தூக்கினால் மட்டும் போதாது, தூக்கினவர் மனசு மாறலாம் என்று, அந்தக் கம்பெனியே செய்த பெட்டி ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கினார்கள். நாலு சாவி, நாலு துளை. நாலும் பச்சையாக எரிந்தால்தான் கணினியில் அந்தக் கணக்கு திறக்கும். நம் கம்பெனிப் பொருளை நாமே வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார்கள் என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். பிரேக்கு அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஒரு வியாழக்கிழமை காலையில் லேபில் வேலை செய்துகொண்டிருந்தபோதே என் கணவருக்கு நெஞ்சு வலித்தது. பாலிஷ் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்ததாம், அவர் ஸ்டூலிலிருந்து சரிந்திருக்கிறார். கொழுந்தன்தான் முதலில் அங்கே ஓடினான். ஆம்புலன்ஸில் அவனும் கூடப் போனான். நான் அச்சகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

துக்கம் கொஞ்சம் ஆறட்டும் என்று அவர்களும் சில வாரம் பேசாமல்தான் இருந்தார்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தங்கச்சி, தப்பா நினைக்காதே, அந்தப் பெட்டி..." என்றார்.

பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். மூன்று பேரும் தங்கள் சாவியில் விரலை வைத்தார்கள். மூன்று பச்சை. நாலாவது துளையில் இவர் சாவி சிவப்பாகவே இருந்தது.

"ஒவ்வொரு சாவிக்கும் ரெண்டு விரல் பதியலாம்," என்றார் பிரேக்கு.

"ரெண்டும் அவரோட போயிடுச்சே," என்றார் மருந்துக்கடைக்காரர். சொன்ன பிறகுதான் நான் நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில். ஒரு பெண், ரொம்ப மரியாதையாக, "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். பதிந்த விரல் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. எங்களாலும் முடியாது. அதுதான் எங்கள் தயாரிப்பின் சிறப்பு," என்றாள். பங்குத் தரகர் அலுவலகத்தில் கேட்டதற்கு, வாரிசுச் சான்று, அது, இது என்று எல்லாம் சேர்த்துக் கொடுங்கள், சில மாதம் ஆகும் என்றார்கள்.

போனை வைத்ததும் நான் எதிர்பார்த்தது தலையில் கை வைத்துக்கொள்வார்கள் என்று. மருந்துக்கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"கேட்டீங்களா! செஞ்சவனாலயே திறக்க முடியலயாம்! இப்படி ஒரு பொருளை நீங்க பாத்திருக்கீங்களா?"

"நம்ம பணம்யா உள்ள மாட்டிக்கிட்டிருக்கு," என்றார் பிரேக்கு.

"அதைத்தான் நானும் சொல்றேன். நமக்கே குடுக்க மாட்டேங்குதுன்னா திருடனுக்கு எப்படிக் குடுக்கும்?"

பிரேக்கு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

இந்த இடத்தில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சாவியில் இவர் விரல் ஒன்றுகூடப் பதிந்திருக்கவில்லை.

சாவி வந்த அன்று, அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய் யாரும் பார்க்காமல் விரலைப் பதியச் சொல்லிக் கம்பெனி எழுதியிருந்தது. இவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வலது கட்டைவிரலை வைத்தார். சிவப்பு. ஆள்காட்டி விரல், சிவப்பு. இத்தனை வருடமாகப் பிளாஸ்டர் அச்சையும் பல்லையும் உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, அவர் விரல் நுனியில் ரேகையே இல்லாமல் போயிருந்தது. தொட்டால் சோப்புக் கட்டி மாதிரி இருக்கும். எண்ணெய் தடவினார், துடைத்தார், பவுடர் போட்டார், ஊதினார். பத்து விரலும் சிவப்பு.

"விட்டா கால் விரலையும் வைப்பீங்க போலிருக்கே," என்றேன்.

அவர் நிஜமாகவே குனிந்து காலைப் பார்த்தார்.

அப்புறம்தான், "நீ வை, சாவியே கோளாறான்னு பாப்போம்," என்றார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "ஈரத்தைத் துடை. ஈரம் இருந்தா எடுக்காது," என்றார். துடைத்துவிட்டு வைத்தேன். எடுத்த எடுப்பில் பச்சை. அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. என் விரல் இரண்டைப் பதிய வைத்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதே. எல்லாரையும் இதுல இழுத்துவிட்டதே நான்தான்," என்றார்.

"சொல்லிட்டா என்ன? கம்பெனிக்காவது எழுதுங்க."

எழுதினார். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், சுத்தமான உலர்ந்த விரலைப் பயன்படுத்தவும் என்று பதில் வந்தது. "அடுத்த மாடல்ல சரி பண்ணிடுவாங்க," என்றார்.

அதற்குப் பிறகு கணக்கைப் பார்க்க ஒவ்வொரு தடவை பெட்டியைத் திறக்கும்போதும், "சாவியை உள்ள பத்திரமா வெச்சிருக்கேன்," என்று சொல்லிக்கொண்டு சமையலறைக்கு வருவார். கையை மூடியபடி வந்து நிற்பார். நான் அடுப்பை விட்டுத் திரும்பி விரலை நீட்ட வேண்டும். ஒரு தடவை விரல் பட்டால் பச்சை சில நிமிஷம் எரிந்துகொண்டிருக்கும். அதற்குள் முன்னறைக்குப் போய்ப் பெட்டியில் சொருகிவிடுவார். "பல்செட்டு எவ்வளவு உஷார் பாரு, நம்ம முன்னால விரலைக்கூடக் காட்ட மாட்டேங்கறார்," என்று அங்கே புகழ்வார்கள். நான் இங்கே கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொள்வேன்.

ஆக, என்னால் திறக்க முடியும். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லாதே என்றிருந்தார். பெட்டி பூட்டியிருந்த வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சத்தமும் வீட்டில் இருந்தது. தரகர் அலுவலகம் சில மாதத்தில் கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்படியே போயிருக்கும். ஒரு பெரிய வங்கி அந்தக் கம்பெனியிடம் சாவி வாங்கப்போகிறது என்று பேச்சு வந்து, பல வருடத்துக்குப் பிறகு விலை ஏறியது. அந்த ஞாயிறு காலையில் ஓரகத்தியிடமிருந்து போன், கொழுந்தன் மனைவி.

"அக்கா, நாளைக்கு வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கணும். இத்தனை வருஷம் வாடகை வீட்ல பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சேத்தது. இப்ப அதையும் கம்பெனியில போடறேங்கறார். நான் பேசினா உனக்குப் புரியாதுங்கறார். நீங்க சொன்னா கேப்பார்க்கா." அவள் அழுகிறவள் இல்லை. அன்று குரல் சரியில்லை.

மதியம் மூன்று பேரும் வந்தார்கள். நான் மேஜையில் சிவப்பு மையோடு உட்கார்ந்திருந்தேன்.

"இப்பத்தான் விக்கற நேரம். ஏறும்போது இறங்கிடணும். திறக்க வழியிருந்தா இன்னிக்கே விக்கச் சொல்லிடுவேன்," என்றார் பிரேக்கு.

"பஸ் இப்பத்தான் கிளம்புது, அதுக்குள்ள இறங்கணும்கறான் பாரு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எந்த பஸ்ஸு? அந்த வங்கி வாங்கும்னு யார் சொன்னா? உங்க கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்தவனா?"

"நான் இன்னும் போடப்போறேன்," என்றான் கொழுந்தன். அவன் சத்தமாகப் பேசுகிறவன் இல்லை. அதனால் மற்ற இருவரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "நாளைக்கே. தனிக் கணக்குல, என் பேர்ல."

"எந்தப் பணத்தை?" என்றார் பிரேக்கு.

"வீட்டுப் பணம்."

"டேய், வண்டியை நிறுத்து. முதல்ல ஓரமா நிறுத்து."

"நல்ல பையன். அண்ணனைப் போல தைரியம்," என்றார் மருந்துக்கடைக்காரர். எனக்கு அந்த நேரத்தில் அவர் தலையில் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடலாம் போலிருந்தது.

"தம்பி, அவ காலையில எனக்குப் போன் பண்ணினா," என்றேன்.

கொழுந்தன் என் பக்கம் திரும்பினான். "அண்ணி, அவளுக்குத்தான் புரியல, உங்களுக்குமா? அண்ணன் இத்தனை வருஷம் சொல்லிக்கிட்டே இருந்தார். நாம கிண்டல் பண்ணினோம். இப்ப பாருங்க, செஞ்சவனே முயற்சி பண்ணியும் அண்ணன் போட்ட பூட்டைத் திறக்க முடியல. போன பிறகும் அவர்தான் காவல் காக்கறார். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் எனக்கு?"

அவன் கண் கலங்கியிருந்தது. கம்பெனியைப் பற்றி அவன் பேசவில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. சிவப்பு விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் அவன் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அதற்குத்தான் வீட்டுப் பணத்தைக் கொடுக்கப்போகிறான். நான் வாயைத் திறந்தால் அந்த அண்ணன் போய்விடுவார். திறக்காவிட்டால் வீடு போய்விடும்.

இவர் மேல் எனக்கு வந்த கோபம்! ஒரு வார்த்தை அவர்களிடம் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? சொல்லாமல் போனது அவர். உடைக்க வேண்டியது நான்.

எழுந்துபோய் விரலில் இருந்த மையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். துண்டில் நன்றாகத் துடைத்தேன். முன்னறைக்கு வந்து நாலாவது துளையிலிருந்து சாவியை எடுத்தேன்.

"அதுல கை வைக்காதே தங்கச்சி, தப்பான விரல் பட்டா..." என்று மருந்துக்கடைக்காரர் பதறினார்.

வைத்தேன். பச்சை.

சாவியைத் திரும்பச் சொருகினேன். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"என்னக்கா இது?" என்றார் பிரேக்கு.

சொன்னேன். பத்து விரலையும், பவுடரையும், சமையலறையையும். கால் விரலைப் பார்த்ததைச் சொல்லும்போது பிரேக்கு சிரிக்கப்போய் அடக்கிக்கொண்டார்.

"பொய்," என்றான் கொழுந்தன்.

"நான் எதுக்குப் பொய் சொல்லணும் தம்பி?"

"அண்ணன் விரல்ல ரேகை இல்லையா? எனக்குத் தெரியாம?" என்று குரலை உயர்த்தியவன் அப்படியே நின்றான். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். "ஆம்புலன்ஸ்ல அவர் கையைப் பிடிச்சுக்கிட்டே போனேன். வழவழன்னு இருந்தது. வியர்வைன்னு நினைச்சேன்."

பிரேக்குதான் மெதுவாக ஆரம்பித்தார். அவர் குரலில் ஜெயித்த தொனி இல்லை. "அப்ப கொத்தனார் கை? பாத்திரம் தேய்க்கறவங்க கை? என்கிட்டே வண்டி கத்துக்க வர்றவங்கள்ல பாதிப் பேர் கை அப்படித்தான் இருக்கும். அந்த வங்கி இதை எல்லாருக்கும் குடுத்தா, எத்தனை பேர் வாசல்ல நிப்பாங்க?"

"ஏன் அண்ணி அவர் எங்ககிட்ட சொல்லல?"

"எனக்கும் தெரியல தம்பி. நான் கேட்டப்பல்லாம் ஒரே பதில்தான்."

மருந்துக்கடைக்காரர் சோபாவில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இதெல்லாம் சின்ன விஷயம். அடுத்த மாடல்ல சரி பண்ணிடுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து எங்கேயோ அது வேறு மாதிரி ஆகிவிட்டது. மூன்று பேரும் பயந்துபோனார்கள். பிரேக்கு தண்ணீர் கொண்டுவந்தார். கொழுந்தன் என் பக்கத்தில் வந்து நின்றான், தொடவில்லை.

குடித்துவிட்டு, "சரி, இனிமே திறக்கலாம். என்ன பண்ணப்போறீங்க?" என்றேன்.

அவ்வளவுதான். விற்கலாம் என்றார் பிரேக்கு. ஒரு கையைப் பார்த்துக் கம்பெனியை எடை போடலாமா என்றார் மருந்துக்கடைக்காரர். ஒரு கை இல்லை, பத்து விரல் என்றார் பிரேக்கு. உனக்குக் கணக்கும் வராது, கியரும் வராது என்றார் மருந்துக்கடைக்காரர். ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறி மிதித்துக்கொண்டிருக்கும்போதே நாலாவது விளக்கு பொட்டென்று சிவப்புக்கு மாறியது.

மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"தங்கச்சி, இன்னொரு தடவை..."

"முடிவு பண்ணுங்க. பண்ணிட்டுக் கூப்பிடுங்க. உங்க சண்டை முடியற வரைக்கும் நான் விரலை நீட்டிக்கிட்டு நிக்க முடியாது," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

காலையில் போட்ட பாத்திரம் தொட்டியில் கிடந்தது. கழுவினேன். முன்னறையில் சத்தம் ஏறியது, இறங்கியது. நடுவில் கொழுந்தன் யாரோடோ போனில் பேசுவது கேட்டது. "நாளைக்குக் காலையில போய்க் குடுத்துடலாம். ம். இல்ல, அழாதே," என்றான். அப்புறம் மறுபடியும் மருந்துக்கடைக்காரர் குரல், பிரேக்கு குரல், ஒரு நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு அமைதி.

கதவோரம் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. அந்த நேரத்தில் அங்கே வந்து நிற்பதற்கு ஒருவர்தான் உண்டு. திரும்பாமல் ஒரு வினாடி அப்படியே நின்றேன்.

கொழுந்தன். வலது கையை மூடிக்கொண்டு நின்றான்.

"என்ன முடிவு?"

"விக்கறோம் அண்ணி."

"உங்க மருந்துக்கடை?"

"திட்டிக்கிட்டே கை தூக்கிட்டார். தனியா மறுபடியும் வாங்குவாராம், அதை நாங்க தடுக்கக் கூடாதாம்."

அவன் கையைத் திறந்து சாவியை நீட்டினான். நான் குழாயை மூடினேன்.

"ஈரத்தைத் துடைச்சுடுங்க அண்ணி. ஈரம் இருந்தா எடுக்காதாமே," என்றான்.

"தெரியும் தம்பி," என்று துண்டை எடுத்தேன்.